தண்ணீரால் குளிர்விக்கப்படும் மின்பாகங்களில் அரிப்பைத் தடுப்பது எப்படி?

ஹோஸ் மாட்டும் பித்தளை நிப்பிள்கள் சில மாதங்களுக்கு ஒருமுறை அரித்து ஒழுகுகின்றன, தண்ணீரில் என்ன மருந்து கலக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். மருந்தை வாங்குவதற்கு முன், கழற்றிய நிப்பிள்களை எந்தப் பக்கத்தில் இருந்தவை என்று குறித்து மேசையில் அடுக்கிப் பாருங்கள்.

இண்டக்ஷன் உலைகளின் மின்வழங்கிகளைப் பராமரிக்கும் வேலையில் எனக்கு விஷயம் புரிந்தது அப்படித்தான். நேர்மின் பக்கத்து நிப்பிளின் வாய் கத்தி விளிம்பாக மெலிந்து, விரலால் அழுத்தியதுமே பொடிந்தது. அதே ஹோஸின் மறுமுனையில், எதிர்மின் பக்கத்தில் இருந்த நிப்பிளில் மரை கூடப் புதுக்கருக்கு மாறாமல் இருந்தது. இரண்டிலும் ஓடியது ஒரே தண்ணீர்தான். செம்பைத் தின்றது அதன் வழியே கசிந்த மின்சாரம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஹோஸுக்கு 12 மி.மீ. உள்விட்டம், அரை மீட்டர் நீளம், இரு முனைகளுக்கும் இடையே 500 வோல்ட் டி.சி., தண்ணீரின் கடத்துதிறன் சென்டிமீட்டருக்கு 100 மைக்ரோசீமன்ஸ். கசிவு 1 மில்லி ஆம்பியரைச் சற்றே தாண்டும். அற்பமாகத் தோன்றும். ஆனால் 1 மில்லி ஆம்பியர் ஓர் ஆண்டு இடைவிடாமல் ஓடினால் ஏறத்தாழ 10 கிராம் செம்பைக் கரைக்க முடியும். அதுவும் பெரும்பாலும் ஹோஸைப் பார்த்திருக்கும் அந்த வாய்ப்பகுதியிலிருந்தே.

அரிப்பைத் தடுக்கும் மருந்துகள் பலவும் உப்புகள். இரும்புக் குழாய்களுக்கு நல்லது செய்யும் அவையே இங்கே கடத்துதிறனை ஏற்றிக் கசிவைக் கூட்டிவிடும். அதனால் அயனி நீக்கிய நீரை மூடிய சுற்றில் ஓடவிட்டு, அதில் ஒரு சிறு பங்கை எப்போதும், கரைந்த அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் ரெசின் உருளை வழியாகத் திருப்பிவிடுங்கள். கடத்துதிறன் சென்டிமீட்டருக்கு 1 மைக்ரோசீமன்ஸுக்கு இறங்கினால் கசிவு நூறில் ஒன்றாகும். ஹோஸின் நீளம் இரட்டித்தால் கசிவு பாதியாகும். இடம் மிச்சம் என்று யாரும் அதைக் குட்டையாக வெட்ட விடாதீர்கள். கரி கலந்த கறுப்பு ரப்பர் ஹோஸ் தானே மின்சாரத்தைக் கடத்தக்கூடும், அது வேண்டாம். நேர்மின் முனையில், அரிபடுவதற்கென்றே துருப்பிடிக்காத எஃகில் ஒரு துண்டைத் தண்ணீருக்குள் நீட்டி, அந்த முனையோடு மின்னிணைப்பில் வையுங்கள். செம்பை விட்டுவிட்டு அது தேயும்.

இவ்வளவு தூய நீர் துத்தநாகம் பூசிய குழாயையும் சாதாரண இரும்பையும் விட்டுவைக்காது. செம்பும் அலுமினியமும் ஒரே சுற்றில் வேண்டாம்; கரைந்த செம்பு அலுமினியத்தில் படிந்து குழி பறிக்கும். அடிக்கடி புதுநீர் ஊற்ற வேண்டியிருந்தால் ஒழுக்கைத் தேடுங்கள், ஏனெனில் ஒவ்வொரு முறையும் ஆக்சிஜனும் கரியமில வாயுவும் உள்ளே வருகின்றன. காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலைக்குக் கீழே நீரைக் குளிர்வித்தால் வெளிப்புறமே வியர்த்து நனைந்துவிடும்.

அடுத்த நிறுத்தத்தின்போது, மின்தேக்கிகளில் மின்னூட்டம் முழுவதும் வடிந்துவிட்டதா என்று அளந்து உறுதி செய்துகொண்டு, முதலில் நேர்மின் பக்கத்து நிப்பிளைக் கழற்றுங்கள். அதன் வாய் எப்படி இருக்கிறது என்பதையும் தண்ணீரின் கடத்துதிறன் அளவையும் இங்கே எழுதினால், எத்தனை நீள ஹோஸ் தேவைப்படும் என்று கணக்கிட்டுச் சொல்கிறேன்.