அரை வோல்ட் அயனியைத் தூக்குமா?

டீச்சர், கடலூரில் உங்கள் பள்ளிக் கண்காட்சிக்கு ஒரு மாணவி சார்ட்டில் “0.55 வோல்ட் அயனிகளை விண்வெளிக்கு அனுப்புகிறது” என்று எழுதியிருக்கிறாள், சுவர்க் கடிகார செல்லே 1.5 வோல்ட் ஆச்சே, தப்போ என்று கேட்டிருந்தீர்கள். தப்பில்லை. 2022 மே மாதம் வட துருவத்துக்குப் பக்கத்து நார்வே தீவான ஸ்வால்பார்டிலிருந்து நாசா ஏவிய எண்டியூரன்ஸ் ராக்கெட், சுமார் 250 முதல் 768 கி.மீ. உயரம் வரை பூமியின் மின்புலத்தில் அளந்த மின்னழுத்த வித்தியாசம் இது.

அந்த உயரத்துக் காற்றில் எலக்ட்ரான் ரொம்ப லேசு. சூட்டில் மேலே ஓடப் பார்க்கும். எலக்ட்ரானை இழந்த அணுதான் அயனி; அது கனம், கீழே தங்கும். இரண்டும் விலகப் பார்த்ததும் நடுவில் மின்புலம் உண்டாகி, எலக்ட்ரானைக் கீழே பிடித்து அயனியை மேலே இழுக்கும். ஹைட்ரஜன் அயனிக்கு அந்த இழுப்பு ஈர்ப்பு விசையைவிட 10.6 மடங்கு! அதன் எடைக்கு அரை வோல்ட்டே ஜாஸ்தி. ஆக்சிஜன் அயனி 16 மடங்கு கனம். அதற்கு இது மட்டும் போதாது. பாரம் குறைந்து உயரே வரும், அவ்வளவுதான். தப்பிக்கும் வேகம் அப்புறம் மின்காந்த அலைகள் சூடேற்றுவதால் கிடைப்பது.

ஆனால் சார்ட்டில் அயனி ஏறும் அம்புக்குறி நம்ம சில்வர் பீச் மேலிருந்து கிளம்புகிறது என்றீர்களே, அதைத் திருத்தச் சொல்லுங்கள். நம்ம ஊர் மேலே காந்தப்புலக் கோடுகள் கிட்டத்தட்டப் படுத்த வாக்கில் போகும். அதைக் குறுக்கே தாண்டி அயனி சுலபமாக ஏறாது. துருவத்தில் அந்தக் கோடுகள் கிட்டத்தட்ட நிமிர்ந்து நிற்கும், அதனால் அம்பு அங்கே போகட்டும்.