கோப்பை போன பிறகு அந்த மைதானத்தில் யார் ஆடுவார்கள்?

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலைப் பக்கமிருந்து வந்த கால்பந்துக் கேள்விகள் இந்த இதழில். பெரும்பாலான கடிதங்களுக்கு அடியில் ஒரே சந்தேகம்தான்: நம்மைப் போன்ற வளரும் நாடு உலகக் கோப்பை மாதிரி ஒரு போட்டியை எடுத்து நடத்தலாமா?

பள்ளிக்கூடத்துக்கு ஒழுங்கான கூரை இல்லாத நாட்டில் கால்பந்துக்கு ஸ்டேடியம் கட்டுவது நியாயமா? "நடத்தினால் பணம் கொட்டும்" என்று என்னோடு படிக்கிறவர்கள் சண்டைக்கு வருகிறார்கள்.
– கல்லூரி மாணவி, காட்பாடி

பணம் கொட்டுவது உண்மை. எங்கே கொட்டுகிறது என்று பாருங்கள். தொலைக்காட்சி உரிமை, பெரிய விளம்பரதாரர்கள் தரும் தொகை இரண்டும் உலகக் கால்பந்துச் சம்மேளனமான ஃபிஃபாவுக்கு. டிக்கெட் விற்பனையும் இப்போது அவர்கள் கையில்தான். 2014 பிரேசில் போட்டியோடு முடிந்த நான்காண்டுக் கணக்கில் ஃபிஃபாவின் வருமானம் சுமார் 570 கோடி டாலர். போட்டி முடிந்ததும் பிரேசில் கால்பந்து வளர்ச்சிக்கென்று அவர்கள் ஒதுக்கியது 10 கோடி டாலர்.

நடத்துகிற நாட்டின் பங்கு என்ன? மைதானம், சாலை, போலீஸ், விசா ஏற்பாடு, ஃபிஃபாவுக்கு வரிவிலக்கு. பிரேசிலில் மைதானத்துக்குள் பீர் விற்கத் தடை இருந்தது; விளம்பரதாரருக்காக 2012-ல் தனிச் சட்டம் போட்டு அதையும் தளர்த்தினார்கள்.

சுற்றுலா வருமானம் வருமே என்பார்கள். 2010-ல் தென்னாப்பிரிக்காவுக்குப் போட்டிக்காக வந்த வெளிநாட்டார் சுமார் 3 லட்சம் பேர், எதிர்பார்த்ததைவிடக் குறைவு. இன்னொன்றையும் கழிக்க வேண்டும். ஓட்டல் வாடகை ஏறி, கூட்டம் நெரியும் அந்த மாதத்தில், வழக்கமாக வருகிற சுற்றுலாப் பயணி வேறு ஊருக்குப் போய்விடுவார்.

நல்லது எதுவுமே நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். ஜோகன்னஸ்பர்க் பக்கத்து கௌட்ரெயின், டர்பனின் புதிய விமான நிலையம் இரண்டும் 2010 போட்டியை ஒட்டித் திறந்தவை, இன்றும் ஓடுகின்றன. ஆனால் ரயிலும் விமான நிலையமும் வேண்டுமென்றால் கால்பந்து இல்லாமலே கட்டலாம். போட்டி தருவது ஒரு கெடு தேதி. அந்தத் தேதிக்குப் பயந்து வேலை முடியும் என்பது லாபம். அதே பயத்தில் ஒப்பந்தக்காரர் கேட்ட விலையைக் கொடுக்க நேர்வது நஷ்டம்.

மாட்டிக்கொள்வது ஸ்டேடியத்தில்தான். தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் சுமார் 440 கோடி ராண்ட் (அந்நாட்டு நாணயம்) செலவில் கட்டினார்கள். அதன் பராமரிப்புக்கு மாநகராட்சி வருஷா வருஷம் கைப்பணம் போட்டது; ரக்பி அணி நிரந்தரமாகக் குடிவந்ததே 2021-ல்தான். பிரேசில் செய்தது இன்னும் மோசம். எட்டு மைதானம் போதும் என்றிருக்க, ஊர் ஊருக்கு அரசியல் திருப்தி வேண்டுமென்று பன்னிரண்டு எடுத்தார்கள். அமேசான் காட்டு நடுவே மனாஸ் நகரில் 40,000 பேருக்கு மேல் அமரும் அரங்கம். உலகக் கோப்பையில் அங்கே நடந்தது நான்கே ஆட்டம். முதல் டிவிஷன் அணி ஒன்றுகூட அந்த ஊரில் அப்போது இல்லை. தலைநகர் பிரேசிலியாவின் ஸ்டேடியம் எல்லாவற்றிலும் செலவு அதிகமானது. மறு வருஷமே அதன் வாகன நிறுத்துமிடத்தில் நகரப் பேருந்துகளை நிறுத்திவைத்தார்கள்.

எனவே என் பதில்: போட்டி முடிந்த அடுத்த வாரம் அந்த மைதானத்தில் டிக்கெட் விற்று ஆடப்போகும் அணி எது என்று இன்றே பெயர் சொல்ல முடிந்தால் நடத்தலாம். பெயர் சொல்ல முடியாத ஒவ்வொரு மைதானத்தையும் பட்டியலிலிருந்து அடித்துவிட வேண்டும். மொராக்கோவில் 2025 செப்டம்பர் கடைசியில் இளைஞர்கள் தெருவுக்கு வந்து "ஸ்டேடியம் இருக்கிறது, ஆஸ்பத்திரி எங்கே" என்று கேட்டதற்கும் காரணம் இதுதான். 2030 போட்டியை ஸ்பெயின், போர்ச்சுகலோடு சேர்ந்து நடத்தப்போகிற நாடு அது.

மெக்ஸிகோவும் பணக்கார நாடு இல்லையே. அவர்களுக்கு மட்டும் எப்படி மூன்று முறை கட்டுப்படியாகிறது?
– வாசகர், குடியாத்தம்

பெரும்பாலும் புதிதாகக் கட்டாததால். 1986 போட்டி முதலில் கொலம்பியாவுக்குத்தான் கிடைத்தது. அணிகள் 24 ஆனதும் ஃபிஃபாவின் பட்டியல் நீண்டது. இது எங்களுக்குத் தாங்காது என்று 1982 அக்டோபரில் அதிபர் பெட்டான்கூர் திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்த நாணயத்தைப் பாராட்டுகிறேன். மெக்ஸிகோ எடுத்துக்கொண்டது. அந்த நாடும் கடன் நெருக்கடியில் இருந்தது, போதாததற்கு 1985 செப்டம்பரில் பெரும் பூகம்பம். ஆனாலும் 1970 போட்டிக்குப் பயன்பட்ட மைதானங்கள் கைவசம் இருந்தன. 1966-ல் திறந்த அஸ்டெகா அரங்கம், மெக்ஸிகோ நகரின் கிளப் அமெரிக்கா அணியின் வீடு. 1970, 1986, 2026 மூன்றுக்கும் அதே அரங்கம்தான். 2026-ன் 104 ஆட்டங்களில் மெக்ஸிகோவின் பங்கு மூன்று நகரங்களில் 13 மட்டும். பெரும் சுமை அமெரிக்காவின் தலையில்.

திருவண்ணாமலை தீபத்துக்கு லட்சக்கணக்கான ஜனத்தைச் சமாளிக்கிறோம். 40,000 பேர் கூடும் ஆட்டம் ஒரு பெரிய விஷயமா?
– வாசகர், போளூர்

பெரிய விஷயம்தான். கிரிவலக் கூட்டம் 14 கிலோமீட்டர் பாதையில் நீண்டு, ஒரே திசையில் நகர்கிறது. ஸ்டேடியத்தில் 40,000 பேரும் ஒரு கிண்ணத்துக்குள் இருந்து, விசில் ஊதிய அதே நிமிடம் எழுந்திருக்கிறார்கள்.

கணக்கு இருக்கிறது. மைதானப் பாதுகாப்புக்கு உலகெங்கும் பின்பற்றும் பிரிட்டிஷ் கையேட்டின்படி, சமதளத்தில் ஒரு மீட்டர் அகலமுள்ள வழியில் நிமிடத்துக்கு 82 பேர் வெளியேறலாம். படிக்கட்டானால் 66 பேர். எட்டு நிமிடத்தில் கேலரி காலியாக வேண்டும். 40,000-ஐ எட்டால் வகுத்தால் நிமிடத்துக்கு 5,000 பேர். அதற்குச் சமதளத்தில் 61 மீட்டர் வழி வேண்டும். படிக்கட்டென்றால் 76 மீட்டர். மூன்று மீட்டர் அகலக் கேட் என்றால் குறைந்தது 21. இது எல்லாக் கேட்டும் திறந்திருக்கிறது, ஆள் நிற்கிறது என்ற நம்பிக்கையில் போட்ட கணக்கு. டிக்கெட் இல்லாதவர்கள் நுழைந்துவிடுவார்கள் என்று நம் ஊரில் நாலு கேட்டைப் பூட்டிவிட்டுச் சாவியை ஒருவர் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு டீ குடிக்கப் போவாரே, அங்கேதான் விபரீதம்.

இந்தோனேசியாவின் மலாங் நகரில் 2022 அக்டோபர் 1-ம் தேதி 135 பேர் இறந்தார்கள். ரசிகர்கள் மைதானத்துக்குள் இறங்க, போலீஸ் கேலரியை நோக்கியும் கண்ணீர்ப்புகை வீச, மூச்சுத் திணறிய கூட்டம் குறுகிய வாசல்களில் நெருக்கியடித்தது. மைதானத்துக்குள் கண்ணீர்ப்புகையே கூடாது என்பது ஃபிஃபா விதி. அதே ஆண்டு ஜனவரியில் கேமரூன் தலைநகர் யவுண்டேயில், ஆப்பிரிக்கக் கோப்பை ஆட்டத்தில் எட்டுப் பேர் இறந்தார்கள். திறந்திருக்க வேண்டிய நுழைவாயில் மூடிக் கிடந்தது. இரண்டு இடத்திலும் பிழை வாசலிலும் உத்தரவிலும்தான், கட்டடச் செலவில் இல்லை.

வெளியே வந்தபின் பஸ்? பாதிப்பேர் பஸ் ஏறினாலும் 55 பேர் வீதம் 360 நடைக்கு மேல். வேலூர் புதுப் பேருந்து நிலையத்தில் ஒரு முகூர்த்த நாள் இரவை நினைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேலூர் நேதாஜி ஸ்டேடியத்தைப் பெரிதாக்கினால் ஒரு ஆட்டமாவது நமக்குக் கிடைக்காதா?
– வாசகர், சத்துவாச்சாரி

கிடைக்காது, ஆசைப்படவும் வேண்டாம். லீக் ஆட்டத்துக்கே குறைந்தது 40,000 இருக்கை, அரையிறுதிக்கு 60,000, தொடக்க ஆட்டத்துக்கும் இறுதிக்கும் 80,000. ஆனால் அணிகள் பயிற்சி எடுக்கத் தரமான புல்தரை பல ஊர்களில் வேண்டும். அப்படி ஒன்று வந்தால் பிறகு நம் பிள்ளைகளுக்கே மிஞ்சும். அதற்கு என்னவெல்லாம் ஆகும் என்று பார்க்கலாம்.

ஆடுகளம் 105 மீட்டருக்கு 68. சுற்று ஓரம் சேர்த்து 125-க்கு 85, அதாவது 10,625 சதுர மீட்டர். அடியில் சாய்வாக வடிகால் குழாய்கள், மேலே 10 சென்டிமீட்டர் ஜல்லி, அதன்மேல் 30 சென்டிமீட்டர் மணல். மணல் மட்டும் சுமார் 1,125 யூனிட். பாலாற்றில் அவ்வளவு மணலுக்குக் கை வைக்க முடியாது, வைக்கவும் கூடாது. எம்-சாண்ட் போடலாமே என்பார்கள். அதில் கல்தூள் அதிகம். கழுவிச் சலிக்காமல் கொட்டினால் சில மாதத்தில் இறுகி, மழைத் தண்ணீர் மேலேயே நிற்கும். ஐவரி கோஸ்ட்டில் ஆப்பிரிக்கக் கோப்பைக்கு நான்கு மாதம் முன்பு, 2023 செப்டம்பரில், 2020-ல் திறந்த எபிம்பே ஸ்டேடியம் ஒரு மழைக்குக் குளமாகி, மாலியுடனான நட்பு ஆட்டத்தைப் பாதியில் நிறுத்தினார்கள். வண்ண வண்ண நாற்காலிகளும் பெரிய திரையும் இருந்து என்ன, தண்ணீர் கீழே இறங்கவில்லை.

புல்லுக்கு வருவோம். நம் வெயிலுக்குப் பெர்முடா வகைதான் சரி. துண்டுகளாக நட்டால் பத்துப் பன்னிரண்டு வாரத்தில் ஆடத் தயாராகும். கோடையில் நாளைக்கு 6 மில்லிமீட்டர் தண்ணீர் என்று வைத்தால் ஏறக்குறைய 64,000 லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் ஐந்து நடைக்கு மேல். குடிநீருக்கே குடம் வரிசையில் நிற்கும் ஊரில் இதைக் குடிநீரிலிருந்து எடுப்பது அநியாயம். சுத்திகரித்த கழிவுநீர் பொருந்தும். தோல் தொழிற்சாலைப் பகுதிகளில் போர் தண்ணீரில் உப்பு அதிகம் என்பதால் முதலில் பரிசோதனை செய்யுங்கள். உப்பு மணலில் தங்கினால் புல் நுனி கருகும். அவ்வப்போது நல்ல தண்ணீரை நிறைய விட்டுக் கழுவி இறக்க வேண்டும். உப்பு மிக அதிகமென்றால் பாஸ்பாலம் வகைப் புல் தாங்கும்.

இன்னொன்று. அந்தப் புல்தரையில் அரசியல் கூட்டமும் கண்காட்சியும் நடத்த அனுமதித்தால் இத்தனையும் வீண். பந்தல் கால் நட்ட குழியும் லாரி டயர் அழுத்திய தடமும் அடியில் இருக்கும் குழாயையே உடைக்கும்.

இருக்கிற கிரிக்கெட் மைதானங்களைப் பயன்படுத்திக்கொண்டால் செலவு மிச்சம்தானே?
– வாசகர், அரக்கோணம்

ஓரளவு. நடுவில் இருக்கும் பிட்ச் களிமண். பந்து அங்கே வேறு மாதிரி எழும்பும், கால் வழுக்கும். அதைத் தோண்டி எடுத்து மணலும் புல்லும் போட வேண்டும், பிறகு கிரிக்கெட்காரர்களுக்குத் திரும்பப் போட்டுத் தர வேண்டும். வட்ட மைதானத்தில் செவ்வகம் வரைந்தால் கோல்போஸ்ட் பின்னால் உட்கார்ந்தவருக்கு எதிர்ப்பக்க கோல் எறும்பு அளவுக்குத் தெரியும்.

ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் தொழிலுக்கு ஆர்டர் வருமா? எங்கள் ஊர் பிரியாணியாவது விற்குமா?
– ஷூ கம்பெனி ஊழியர், ஆம்பூர்

பந்தில் தோலுக்கு வேலையில்லை. 1986-லேயே செயற்கைப் பந்துக்கு மாறிவிட்டார்கள். பந்து தருவது 1970 முதல் அடிடாஸ். சமீப உலகக் கோப்பைகளுக்குத் தைக்காமல் சூட்டில் ஒட்டிக் கொடுத்தது பாகிஸ்தானின் சியால்கோட். பூட்ஸிலும் இப்போது பெரும்பாலும் செயற்கைப் பொருள். உங்கள் ஆர்டர் போட்டி எந்த நாட்டில் நடக்கிறது என்பதைப் பொறுத்ததில்லை, எந்தக் கம்பெனியோடு ஒப்பந்தம் என்பதைப் பொறுத்தது.

பிரியாணிக்கு வழியுண்டு, கேட்டு வாங்கினால். மைதானத்தைச் சுற்றி விளம்பரதாரர் அல்லாதவர்கள் விற்க முடியாதபடி வளையம் போடுவார்கள். பிரேசிலின் சால்வடோர் நகரில் அகராஜே என்ற பயறு வடை விற்கும் பெண்கள் விடாமல் போராடி மைதானத்துக்குள் விற்க இடம் வாங்கினார்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்து விழுவதற்கு முன்பே எழுதி வாங்க வேண்டிய விஷயம் இது.

இந்தியாவில் உலகக் கோப்பை எப்போது?
– வாசகி, திருப்பத்தூர்

2030-ம் 2034-ம் வேறு நாடுகளுக்குப் போய்விட்டன. 2038-க்கு முன் வாய்ப்பே இல்லை. ஒரே நாடாகக் கேட்டால் 14 ஸ்டேடியம் காட்ட வேண்டும். நான் அவசரப்பட மாட்டேன். 2027 ஆசியக் கோப்பைக்கான விண்ணப்பத்தை 2022 டிசம்பரில் நாமே திரும்பப் பெற்றோம். அதற்குச் சில மாதம் முன்புதான், வெளியார் தலையீடு என்று நம் கால்பந்துச் சம்மேளனத்தை ஃபிஃபா பதினொரு நாள் நிறுத்திவைத்திருந்தது. மறுபக்கம், 2017-ல் 17 வயதுக்கு உட்பட்டோர் உலகக் கோப்பையை ஆறு நகரங்களில் நன்றாகவே நடத்தினோம், 13.47 லட்சம் பேர் வந்தார்கள், அந்தப் போட்டிக்கு அதுவரை இல்லாத கூட்டம். கொல்கத்தாவிலும் கொச்சியிலும் குவாஹாட்டியிலும் ஆட அணிகள் இருந்ததால் அந்த மைதானங்கள் தூங்கவில்லை. இந்த அளவுப் போட்டிதான் நமக்கு இப்போது சரி.

உலகக் கோப்பை கிடக்கட்டும். எங்கள் பள்ளி மைதானத்தில் மழை பெய்தால் ஒரு வாரம் ஆட முடியவில்லை. குறைந்த செலவில் என்ன செய்யலாம்?
– உடற்கல்வி ஆசிரியர், ஆற்காடு

புல்லை மறந்துவிடுங்கள். நடுவை உயர்த்தி இரு பக்கமும் நூற்றுக்கு ஒன்று சரிவு கொடுங்கள். முழு அகல மைதானத்தில் நடு, ஓரத்தைவிட 34 சென்டிமீட்டர் உயரமாக இருக்கும், ஓடும்போது தெரியாது. ஓரத்தில் ஒரு அடி ஆழக் கால்வாய் வெட்டி ஜல்லி நிரப்புங்கள். செம்மண்ணைத் தண்ணீர் தெளித்து ரோலர் ஓட்டி இறுக்கும்போது அடுக்கடுக்காகப் போடுங்கள். மொத்தமாகக் கொட்டி இறுக்கினால் மேலே மட்டும் இறுகி, முதல் மழைக்கே பள்ளம் விழும். பன்னிரண்டு வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு 60-க்கு 40 மீட்டர் போதும்.

தூக்கி நகர்த்தும் இரும்பு கோல்போஸ்ட் வைத்திருந்தால், வேலையைத் தொடங்குவதற்கு முன் அதன் பின்சட்டத்தை முளையடித்து நிலத்தோடு பிணைத்துவிடுங்கள், அல்லது மணல் மூட்டை ஏற்றுங்கள். பிள்ளைகள் குறுக்குக் கம்பியில் தொங்கும்போது அது முன்பக்கம் சாய்ந்துதான் விழும்.