45 டெஸ்லா காந்தமும் வெளி ஆய்வாளர்களும்

கேள்வி: மருத்துவமனை எம்.ஆர்.ஐ. கருவியைவிடப் பல மடங்கு வலிமையான காந்தம் ஒன்று அமெரிக்காவில் உள்ளதாகவும், வெளி ஆய்வாளர்களும் அதைக் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்றும் எங்கள் பேராசிரியர் சொன்னார். இது உண்மையா? அவ்வளவு பெரிய கருவியை ஏன் பிறருக்குத் தருகிறார்கள்?
– முதுகலை இயற்பியல் மாணவி ஒருவர்

பதில்: உண்மைதான். புளோரிடாவின் டலஹாசி நகரிலுள்ள தேசிய உயர் காந்தப்புல ஆய்வகத்தில் இருவகைக் காந்தங்களை இணைத்த 45 டெஸ்லா கலப்புக் காந்தம் இயங்குகிறது; டெஸ்லா என்பது காந்தப்புல வலிமையின் அலகு. எம்.ஆர்.ஐ. கருவிகள் பெரும்பாலும் 1.5 அல்லது 3 டெஸ்லா அளவிலேயே இருக்கும்.

இந்தக் காந்தத்தின் வெளிப்புறம் திரவ ஹீலியத்தில் குளிர்விக்கப்படும் மீக்கடத்திச் சுருள்; அதாவது மின்தடையின்றி மின்சாரத்தைக் கடத்தும் சுருள். உட்புறம் சாதாரண மின்காந்தம். உட்புறத்தில் நாம் நினைப்பதுபோல் கம்பி சுற்றப்படுவதில்லை; நூற்றுக்கணக்கான துளைகள் இடப்பட்ட செப்புக் கலவைத் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அந்தத் துளைகளின் வழியே குளிர்ந்த நீரை மிகுந்த அழுத்தத்தில் செலுத்துகிறார்கள். உட்பகுதிக்கு மட்டும் ஏறத்தாழ 30 மெகாவாட் மின்சாரம் தேவைப்படுவதால், நீரோட்டம் நின்றால் தகடுகள் உருகிவிடும். இவ்வளவும் நடுவிலுள்ள 32 மில்லிமீட்டர் அகலத் துளைக்காகத்தான். ஆய்வாளர் கொண்டுவரும் கடுகளவுப் படிகம் அங்கேதான் வைக்கப்படுகிறது.

இத்தகைய மின்செலவைத் தனியொரு பல்கலைக்கழகத்தால் தாங்க முடியாது. ஆகவே, அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளையும் புளோரிடா மாநிலமும் பொதுப் பணத்தில் இதை நடத்துகின்றன. ஆய்வுத் திட்டத்தை எழுதி அனுப்பினால், துறை வல்லுநர்கள் மதிப்பிட்டுக் காந்த நேரம் ஒதுக்குவார்கள். விண்ணப்பிப்பவர் எந்த நாட்டவராயினும், எழுப்பும் கேள்வி தகுதியானதா என்பதே பார்க்கப்படுகிறது. இந்த முறை மிகவும் நேர்மையானது என்பது என் உறுதியான எண்ணம்.

இதன் பயனுக்கு ஐரோப்பாவிலிருந்து ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறேன். 1980 பிப்ரவரியில், பிரான்சின் கிரனோபிள் உயர் காந்தப்புல ஆய்வகத்துக்குத் தற்காலிகமாக வந்து பணியாற்றிய ஜெர்மானியர் கிளவுஸ் ஃபான் கிளிட்சிங், சிலிக்கன் சாதனத்தின் ஹால் மின்தடை (காந்தப்புலத்தில் மின்னோட்டத்துக்குக் குறுக்காக எழும் மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்துக் கிடைப்பது) சீராக மாறாமல் படிப்படியாக நிற்பதை இரவு நேர அளவீட்டில் கண்டார். அந்தப் படிகளின் மதிப்பு, ஏறத்தாழ 25,813 ஓம் என்னும் எண்ணை முழு எண்களால் வகுத்துக் கிடைப்பதாக இருந்தது. 1985இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

முதுகலை மாணவியான நீங்கள் தனித்து விண்ணப்பிப்பதைவிடப் பேராசிரியரின் குழுவில் ஒருவராகச் செல்வதே நடைமுறைக்கு உகந்தது. அதற்கு முன், கிடைக்கும் சிறிய காந்தத்தில் உங்கள் படிகத்தை அளந்து, உயர் புலம் ஏன் தேவை என்பதைக் காட்டும் தரவைக் கையில் வைத்திருங்கள். மதிப்பீட்டாளர்கள் முதலில் தேடுவது அதைத்தான்.