148-ஐ 128 என்று எழுதிய பிள்ளை

கேள்வி: ஆச்சி, எனக்கு 41 வயது. காரைக்குடியில் பெயின்ட் கடை வைத்திருக்கிறேன். அப்பச்சி (எங்கள் பக்கம் அப்பாவை அப்படித்தான் சொல்வோம்) 47 வயதில் மாரடைப்பில் தவறிவிட்டார்கள். மூன்று வருடமாக நெஞ்சில் சுருக்கென்றாலே நமக்கும் வந்துவிட்டது என்று தோன்றுகிறது. ஈ.சி.ஜி. மட்டும் 11 முறை, எக்கோ மூன்று, டிரெட்மில் இரண்டு, எல்லாம் நார்மல். மதுரை டாக்டர் ஒருவர் சைக்காலஜிஸ்டிடம் அனுப்பினார். நாலு முறை போனேன், ஒரு மாதம் நன்றாக இருந்தது. அப்புறம் பங்காளி வீட்டில் 44 வயதுக்காரர் தூக்கத்திலேயே போய்விட்டார், மறுபடி பழைய கதை. இப்போது வீட்டிலேயே பி.பி. மெஷின் இருக்கிறது. நாலாவது படிக்கும் மகள்தான் காலையும் இரவும் பார்த்து நோட்டில் எழுதுவாள், கெட்டிக்காரி. ஒரு நாள் 148 வந்ததை 128 என்று எழுதியிருந்தாள், கேட்டால் சிரிக்கிறாள்! இந்தப் பேச்சு சிகிச்சை கொஞ்ச நாளைக்குத்தானா, நிலைத்து நிற்குமா? இடது கை மரத்துப்போவதற்குப் பயப்பட வேண்டாம்தானே?
— வாசகர், கானாடுகாத்தான்

பதில்:

தம்பி, கடைசிக் கேள்விக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. ‘பயப்படாதீர்கள்’ என்று எழுதினால் இன்று ராத்திரி தூங்குவீர்கள், நாளைக்கு ‘ஆச்சி என்ன டாக்டரா’ என்று தோன்றும், நாளை மறுநாள் வேறு யாரிடமாவது கேட்பீர்கள். 11 ஈ.சி.ஜி. தராத தைரியத்தை என் ஒரு வரி தந்துவிடுமா?

உங்கள் கடிதத்தில் நெஞ்சைப் பற்றி, கையைப் பற்றி, செத்துப்போன பங்காளியைப் பற்றியெல்லாம் விரிவாக எழுதிவிட்டு, போகிற போக்கில் ஒரு ஆச்சரியக்குறி போட்டு ஒன்று சொல்லியிருக்கிறீர்கள் பாருங்கள், 148-ஐ 128 என்று எழுதினாள் என்று, நான் அங்கேயே நின்றுவிட்டேன். அது கெட்டிக்காரத்தனமா? ஒன்பது வயதுப் பிள்ளை மெஷினைப் பார்க்கிறது, அப்பாவின் முகத்தைப் பார்க்கிறது, உண்மையான எண்ணை எழுதினால் இன்று ராத்திரி வீட்டில் யாரும் தூங்க மாட்டார்கள் என்று கணக்குப் போடுகிறது, நாலை அழித்துவிட்டு இரண்டு போடுகிறது. கணக்கில் ஒரு பைசா உதைத்தால் விடிய விடிய உட்கார்ந்து தேடின ஊர் இது. அந்த ஊரில் உங்கள் மகள் உங்களைக் காப்பாற்றப் பொய்க்கணக்கு எழுதுகிறாள், நீங்கள் சிரித்தாள் என்று எழுதுகிறீர்கள். அவள் சிரிக்காமல் என்ன செய்வாள், மாட்டிக்கொண்ட பிள்ளை அழவா முடியும், அதற்கும் உங்கள் பி.பி. ஏறுமே!

அந்தக் காலத்தில் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் பெட்டியடிப் பையனாக, அதாவது வட்டிக்கடையில் வேலை பழகும் சின்னப் பையனாக, நம் பிள்ளைகளை அனுப்பினார்கள், அது சரியா தவறா என்பது வேறு பேச்சு. ஆனால் அந்தப் பையனுக்கு மேலே அடுத்தாள் இருந்தார், மேலாள் இருந்தார், கணக்கு உதைத்தால் பதில் சொல்ல அவர்கள் உண்டு. உங்கள் பிள்ளைக்கு யார் மேலாள்? ஒருநாள் உங்களுக்கு நிஜமாகவே முடியாமல் போனால், ‘நான் மாற்றி எழுதியதால்தான்’ என்று அவள் நினைத்துக்கொள்வாள், எத்தனை வருடம் ஆனாலும் அதைப் பிடுங்கி எறிய முடியாது. அப்பா பயந்தால் பிள்ளை பெரிய மனுஷியாகிவிட வேண்டும் என்பது எந்த வீட்டு முறை? நான் பழைய ஆள்தான், பெற்றவர்களைப் பார்த்துக்கொள்வது பிள்ளையின் கடமை என்று இன்றும் சொல்கிறவள். அதற்கு ஒரு வயது இருக்கிறது, ஒன்பது அந்த வயதில்லை.

சரி, சிகிச்சைக்கு வருகிறேன். நிற்கும். இங்கிலாந்தில் பீட்டர் டைரர் என்ற மனநல மருத்துவரும் அவர் குழுவும், இதே நோய்ப்பயத்தோடு இதயம், நரம்பு, வயிறு, மூச்சு என்று ஆஸ்பத்திரிக்கு வந்துகொண்டிருந்த 444 பேரை எடுத்து, ஒரு பாதிப் பேருக்கு வழக்கமான கவனிப்பும் மறு பாதிக்கு அதோடு 5 முதல் 10 அமர்வுகள் பேச்சு சிகிச்சையும் கொடுத்துப் பார்த்தார்கள். எட்டு வருடம் கழித்துப் பார்த்தபோதும் சிகிச்சை எடுத்தவர்களின் பயம் மற்றவர்களைவிடக் குறைவாகவே இருந்தது. அதற்காக எல்லோருக்கும் பயம் பறந்துபோனது என்று நினைக்காதீர்கள். ஒரு வருட முடிவில் முழுக்க இயல்பு நிலைக்கு வந்தவர்கள் நூற்றுக்கு 14 பேர், மற்ற பக்கம் 7 பேர். மீதிப் பேருக்குப் பயம் முழுக்கப் போகவில்லை, சராசரியாகப் பார்த்தால் இறங்கியது. அதில் இன்னொன்று எனக்குப் பிடித்தது, உதவி சைக்காலஜிஸ்ட்டுகள் போன்ற மற்றவர்களைவிட, பயிற்சி எடுத்த நர்ஸுகள் கொடுத்த சிகிச்சை நன்றாக வேலை செய்திருக்கிறது.

நீங்கள் போனது நாலு அமர்வு. பாதி மருந்தைச் சாப்பிட்டுவிட்டு மருந்து வேலை செய்யவில்லை என்கிறீர்கள். அதைவிடப் பெரிய ஓட்டை வீட்டுக்குள் இருக்கிறது. அங்கே உட்கார்ந்து பேசுவதெல்லாம் கால்வாசிதான், பார்க்காமல் இருப்பது, கேட்காமல் இருப்பது என்ற வீட்டுப்பாடம்தான் மீதி. பத்து தடவை தொடர்ந்து எச்சிலை விழுங்கிப் பாருங்கள், பதினோராவது தடவை தொண்டையில் ஏதோ அடைக்கும். நோண்டினால் உடம்பு பதில் சொல்லும். பயந்துகொண்டே பட்டையைக் கையில் சுற்றினால் எண் ஏறத்தான் செய்யும், ஏறினதைப் பார்த்து இன்னும் ஏறும். ‘இன்று பார்க்காவிட்டால் விடிவதற்குள் ஏதாவது ஆகும்’ என்று ஒரு தாளில் எழுதி மடித்து வைத்துவிட்டு, பார்க்காமல் படுத்து, காலையில் எடுத்துப் படிக்கச் சொல்வார்கள். முதல் நாலு ராத்திரி நரகமாக இருக்கும். அந்த நேரத்தில் பிள்ளை ஓடிவந்து ‘128தான் அப்பா’ என்று சொன்னால் நாலு அமர்வும் வீண். அவளைத்தான் நீங்கள் மாத்திரையாகப் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

அப்பச்சி 47 வயதில் போனது பொய்யில்லை, அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஒரே ஒரு டாக்டரை வைத்துக்கொள்ளுங்கள், மரத்துப்போகிற கையை அவரிடம் ஒரு தடவை காட்டுங்கள், கொழுப்பும் பி.பி.யும் எப்போது பார்ப்பது என்று அவர் சொல்லட்டும், நடுவில் கூகுளையும் கொழுந்தியாளையும் கேட்காதீர்கள். நெஞ்சை அழுத்தி வியர்த்துக் கொட்டி மூச்சு வாங்கினால் 108, அதற்கு யோசிக்கவே வேண்டாம். மற்ற சுருக் சுருக்குக்கெல்லாம் உட்கார்ந்து பொறுக்க வேண்டும். நடுராத்திரி தாங்கவில்லையா, 14416 என்ற டெலி மனாஸ் மனநல உதவி எண் இருக்கிறது, காசில்லை, தமிழில் பேசலாம். பிள்ளையை எழுப்பாதீர்கள்.

இந்த வாரமே சைக்காலஜிஸ்டுக்குப் போன் போட்டு ஐந்தாவது அமர்வுக்கு நேரம் வாங்குங்கள், வீட்டம்மாவையும் கூட்டிப் போங்கள், ‘ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை’ என்று சொல்வதை எப்படி நிறுத்துவது என்று வீட்டம்மாவும் கற்க வேண்டும். அந்த நோட்டை ஆத்தாவிடம், உங்கள் அம்மாவிடம், கொடுத்துப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டச் சொல்லுங்கள். அப்புறம் மகளைப் பட்டாலையில், அதாவது வீட்டுக் கூடத்தில், பக்கத்தில் உட்கார வைத்து, ‘நீ 128 என்று எழுதியது எதற்கென்று அப்பாவுக்குப் புரிந்தது, இனி இது உன் வேலை இல்லை’ என்று சொல்லுங்கள். சொல்லும்போது குரல் உடைந்தால் உடையட்டும். அவள் முன்னாலேயே மெஷினைத் திருப்பி அந்த நாலு பென்சில் பேட்டரியையும் கழற்றுங்கள். அவளிடம் ஓடாமல் கிடக்கிற பொம்மை ஏதாவது கட்டாயம் இருக்கும், அதில் போட்டுக் கொடுங்கள்.