பதில்: ரக்மனினோஃப் 2ஆம் கன்செர்ட்டோவில் பியானோ அமுங்கிக் கேட்கிறது

நீங்கள் வாங்கிய, பியானோ கலைஞர் ரிக்டரின் வார்சா பதிவில் (1959) தொடக்கத்துக்குப் பிறகு பியானோ வயலின்களுக்குள் மூழ்கிவிடுகிறது, வட்டில் கோளாறா என்று கேட்டிருந்தீர்கள். கோளாறில்லை, திருப்பி அனுப்பிவிடாதீர்கள். கன்செர்ட்டோ என்றால் ஒரு தனிவாத்தியமும் வாத்தியக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு; இதை இசையமைப்பாளர் ரக்மனினோஃப் எழுதியதே அப்படித்தான். கோயில் மணிபோல மெல்ல ஆரம்பித்து வலுக்கும் பியானோவின் அந்த எட்டு கார்டுகள் (பல சுரங்கள் ஒன்றாக ஒலிக்கும் அடுக்குகள்) முடிந்ததும் முதல் மெட்டை வயலின், வயோலா, கிளாரினெட் எடுத்துக்கொள்கின்றன. பியானோ அடியில் அலையலையாக ஓடுகிறது, அவ்வளவுதான். தனிவாத்தியக்காரரை இப்படிப் பின்னால் உட்கார வைத்த துணிச்சல் எனக்கு மிகவும் பிடிக்கும்!

கொஞ்சம் பொறுங்கள். வேகம் தணிந்து இரண்டாவது மெட்டு வரும்போது பியானோதான் பாடும். ரிக்டர் அதைச் சொல்லும் விதத்துக்காகவே நான் இந்தப் பதிவை விடாமல் கேட்கிறேன். அப்புறம் இரண்டாம் பகுதியில் மறுபடி புல்லாங்குழலும் கிளாரினெட்டும் பாட, பியானோ துணைக்குப் போகும்.

ஹெட்ஃபோனில் பாஸ் பூஸ்ட் (கீழ்ச்சுரங்களைக் கூட்டும் வசதி) இருந்தால் அணைத்துவிடுங்கள். தந்தி வாத்தியங்களின் கீழ்ச்சுரங்கள் வீங்கினால் பியானோவின் ஓட்டம் கலங்கிவிடும். ஒலியளவை அந்த முதல் கார்டுக்கு வைக்காதீர்கள், எட்டாவதுக்கு வையுங்கள்.