கேஸ்கட்டை மூன்றாம் முறை மாற்ற வேண்டாம்

படகு எஞ்சின்: கேள்வி – பதில்

கேள்வி: ஐயா, எங்களுடையது 6 சிலிண்டர் டீசல் எஞ்சின் போட்ட விசைப்படகு. எஞ்சினைக் குளிர்வித்த கடல் தண்ணீர் புகையோடு சேர்ந்து பின்பக்கக் குழாய் வழியாக வெளியேறும். மீன்பிடித் தடைக்காலம் முடிந்ததும் ஜூன் 15-ல் கடலுக்குப் போனோம். கரைக்கு வந்து எஞ்சினை நிறுத்தும்வரை ஒரு குறையும் இல்லை. மறுநாள் விடியற்காலை செல்ஃப் (ஸ்டார்ட்டர்) அடித்தால் 'டக்' என்று ஒரு சத்தம், அதோடு நின்றுவிட்டது. டீசல் பீச்சும் நாசிலைக் கழற்றிப் பார்த்தால் 3, 5 சிலிண்டர்களில் தண்ணீர். சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டை இறக்கி, அதன் அடியில் தண்ணீர் கசியாமல் அடைக்கும் கேஸ்கட்டை மாற்றினோம். பத்து நாளில் மறுபடியும் அதே மாதிரி. இந்த முறை 2-லும் 6-லும் தண்ணீர். திரும்பவும் கேஸ்கட் மாற்றினோம். நேற்று மூன்றாவது தடவையாக நின்றுவிட்டது. ஹெட்டே வெடித்திருக்கும், வேறு ஹெட் வாங்குங்கள் என்கிறார்கள். எஞ்சினுக்குள் சுற்றும் கூலன்ட் மட்டம் குறையவே இல்லை. என்ன செய்வது?
— நாகப்பட்டினம் வாசகர்

பதில்: தம்பி, புது ஹெட்டுக்கு முன்பணம் கொடுக்காதீர்கள். கேஸ்கட்டையும் மறுபடி தொட வேண்டாம். நீங்கள் எழுதியதிலேயே விடை பாதி இருக்கிறது.

அதற்கு முன்னால் ஒன்று. தண்ணீரை வெளியே எடுக்காமல் இனி செல்ஃப் அடிக்கவே கூடாது. காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. பிஸ்டன் மேலே வரும்போது தண்ணீர் வழி விடாவிட்டால், பிஸ்டனைத் தள்ளும் கனெக்டிங் ராட் வளையும். ஆறு நாசிலையும் கழற்றிவிட்டு, கிராங்க் புல்லி நட்டில் ஸ்பேனர் போட்டுக் கையால் மெதுவாகச் சுற்றித் தண்ணீரை வெளியே தள்ளுங்கள். முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள், பீச்சி அடிக்கும்.

சரி, இப்போது சிலிண்டர் எண்களுக்கு வருவோம். கேஸ்கட் போனால் போன இடம் ஒன்றுதான். பெரும்பாலும் ஒவ்வொரு முறையும் அதே சிலிண்டரில், இரண்டு என்றால் பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டரில்தான் தண்ணீர் வரும். உங்களுக்கு முதலில் 3, 5. அடுத்து 2, 6. இவை பக்கத்துச் சிலிண்டர்கள் இல்லை. ஆனால் 6 சிலிண்டர் எஞ்சின்களில் வழக்கமான ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டர்கள் எரியும் வரிசை, 1-5-3-6-2-4. அதில் 5-ம் 3-ம் அடுத்தடுத்து வருகின்றன, 6-ம் 2-ம் அடுத்தடுத்து வருகின்றன. எஞ்சின் நிற்கும்போது பெரும்பாலும் இந்த வரிசையில் அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்களின் எக்ஸாஸ்ட் வால்வு (புகை வெளியேறும் வால்வு) திறந்திருக்கும். அந்தந்த நாள் எது திறந்து நின்றதோ அதற்குள் தண்ணீர் இறங்கியிருக்கிறது. அதாவது, தண்ணீர் புகைக்குழாய்ப் பக்கமிருந்து வருகிறது. அதுவும் எஞ்சின் நின்ற பிறகு, ராத்திரியில்.

எந்தத் தண்ணீர் என்றும் உறுதி செய்துவிடுங்கள். நம் ஆட்கள் நாக்கில் தொட்டுப் பார்ப்பார்கள். அது வேண்டாம், கூலன்ட் விஷம். சிலிண்டரிலிருந்து வந்ததை எண்ணெய் படாமல் ஒரு எவர்சில்வர் கரண்டியில் எடுத்து, அடுப்பில் காட்டி வற்ற விடுங்கள். இன்னொரு கரண்டியில் கடல் தண்ணீரையும் அப்படியே வற்ற விடுங்கள். ஒரு லிட்டர் கடல் தண்ணீரில் சுமார் 35 கிராம் உப்பு, அதனால் கரண்டியில் வெள்ளையாகப் பொரிந்து நிற்கும். இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் சந்தேகமே வேண்டாம். கூலன்டில் கலந்திருக்கும் போர் தண்ணீரும் லேசாக வெள்ளைப் படலம் விடும், அதற்காகத்தான் ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்கிறேன்.

கடல் தண்ணீர்தான் என்றால் என் முதல் சந்தேகம் சைஃபன், அதாவது ஹோஸ் வழியாகத் தண்ணீர் தானாக இழுபட்டு வருவது. எஞ்சின் படகின் அடியில், தண்ணீர் மட்டத்துக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறது. நிறுத்திய பிறகும் கடல் தண்ணீர் பம்ப் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வந்து, சைலன்சரை நிரப்பி, சிலிண்டர்களின் புகை வந்து சேரும் மேனிஃபோல்டுக்கு ஏறும். புகையில் தண்ணீர் கலக்கும் இடம் கடல் மட்டத்துக்கு மேலே 15 செ.மீ.கூட இல்லையென்றால், ஹோஸை மேலே வளைத்துக் கொண்டுபோய் உச்சியில், காற்றை உள்ளே விட்டு சைஃபனை முறிக்கும் வால்வு வைக்க வேண்டும். அந்தக் குட்டி வால்வில் உப்பு அடைத்தால் அது இருந்தும் இல்லாததுதான். வெறும் படகில் அளந்துவிட்டு ஏமாறாதீர்கள். ஐஸும் டீசலும் மீனும் ஏறியதும் படகு எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள், அந்த மட்டம்தான் கணக்கு.

இதைச் சோதிக்கச் செலவே இல்லை. எஞ்சின் ஓடியபின் கரைக்கு வந்து நிறுத்தியதும், கடல் தண்ணீர் உள்ளே வரும் அடி வால்வை மூடிவிடுங்கள். காலையில் நாசிலைக் கழற்றிக் கையால் சுற்றிப் பாருங்கள். உலர்ந்திருந்தால் சைஃபன்தான். அப்போதும் ஈரமாக இருந்தால், பக்கத்தில் போகும் படகுகளின் அலை பின்பக்கக் குழாய் வழியாக உள்ளே அடிக்கலாம். குழாய் வாய் தாழ்ந்திருக்கிறதா, மூடி கெட்டுப்போயிருக்கிறதா என்று பாருங்கள்.

இதை இவ்வளவு விரிவாக எழுதக் காரணம் உண்டு. தொழிலுக்கு வந்த புதிதில், கூலன்ட் குறைந்துகொண்டே வந்த ஒரு படகுக்கு இரண்டு முறை கேஸ்கட் மாற்றினேன். கடைசியில் பார்த்தால் மேனிஃபோல்டின் தண்ணீர் அறையில் அரிசி அளவு ஓட்டை. அந்த உரிமையாளர் இரண்டாவது செலவுக்கு வீட்டு நகையை அடகு வைத்திருந்தார். தடைக்காலத்தில் 61 நாள் தொழில் இல்லாமல் கரையில் இருந்துவிட்டு வருகிறவர்களிடம், காரணம் தெரியாமல் ஒரு நட்டைக்கூடக் கழற்றக் கூடாது என்று அன்றிலிருந்து வைத்திருக்கிறேன்.

தண்ணீரை வெளியே எடுத்த அன்றே சிலிண்டருக்குள் டீசல் ஊற்றிச் சுற்றிவிடுங்கள். உப்புத் தண்ணீர் ஒரு ராத்திரியில் துரு பிடிக்க வைக்கும். டிப் ஸ்டிக்கில் எண்ணெய் பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் மாற்றி, கால் மணி நேரம் ஓட்டி, ஃபில்டரோடு மறுபடி மாற்றுங்கள். அப்புறம், மூன்று முறை 'டக்' என்று நின்ற எஞ்சின் இது. ஆறு பிஸ்டனும் உச்சியில் எவ்வளவு உயரம் வருகின்றன என்று நாசில் துளை வழியாக ஒரே கம்பியால் அளந்து பாருங்கள். ஒன்று தாழ்ந்து நின்றால் அந்த ராட் வளைந்திருக்கிறது. அதோடு கடலுக்குப் போகாதீர்கள், நடுக்கடலில் ராட் எஞ்சின் பிளாக்கை உடைத்துக்கொண்டு வெளியே வரும்.

கேள்வி: கரையேறும்போது அலையில் எங்கள் ஃபைபர் படகு கவிழ்ந்து, அவுட்போர்டு எஞ்சின் முழுகிவிட்டது. மெக்கானிக் நாளைதான் வருவார். அதுவரை வெயிலில் காய வைக்கலாமா?
— வேதாரண்யம் வாசகர்

பதில்: கூடாது. காற்றுப் பட்டதும்தான் துரு ஆரம்பிக்கும். நல்ல தண்ணீரில் கழுவி, பெரிய டிரம்மில் நல்ல தண்ணீர் நிரப்பி அதிலேயே முழுக வைத்திருங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது கவிழ்ந்ததா, அணைத்த பிறகா என்று மெக்கானிக்கிடம் மறக்காமல் சொல்லுங்கள். ஓடும்போது என்றால் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றாமல் ஸ்டார்ட் கயிறை இழுக்க வேண்டாம்.