ஒட்டுண்ணிக்கு ரத்தப் பரிசோதனை: பினாங்கு மாணவர்களின் கேள்விகள்

கே: விடுதிப் பூனைகளுக்குத் தினமும் சோறு வைப்பேன். வளாக ஆய்வுக்கு ரத்தம் கொடுத்ததில் டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணிக்கு எதிராக உடல் உண்டாக்கும் புரதங்களில் ஐஜிஜி பாசிட்டிவ், ஐஜிஎம் நெகட்டிவ். மருந்து வேண்டுமா? (மாணவி, குளுகோர்)

ப: வேண்டாம். என்றைக்கோ தொற்றி அடங்கிவிட்டது, அவ்வளவுதான். ஐஜிஜி தொற்றிய ஓரிரு வாரத்தில் தோன்றி ஆயுளுக்கும் நிற்கும். அதை நெகட்டிவ் ஆக்க மருந்து தேடி அலையாதீர்கள். பின்னாளில் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எடுக்க நேர்ந்தால் மட்டும் இந்த முடிவை மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஆளைக் கலங்கடிப்பது ஐஜிஎம்தான். அது ஓராண்டுக்கு மேலும் ரத்தத்தில் தங்கக்கூடும். அதை மட்டும் பார்த்து, ‘இப்போதுதான் தொற்றியது’ என்று ஒரு கர்ப்பிணியிடம் சொல்வது பெரிய தவறு. ஐஜிஜி அவிடிட்டி, அதாவது ஐஜிஜி கிருமியை எவ்வளவு இறுக்கமாகப் பற்றுகிறது என்பதைப் பார்க்க வேண்டும். அது அதிகமாக இருந்தால் தொற்றிச் சுமார் நான்கு மாதமாவது ஆகியிருக்கும். குறைவாக இருந்தால், புதுத் தொற்று என்று அடித்துச் சொல்ல முடியாது.

பூனையைத் துரத்த வேண்டியதில்லை. பூனை மலத்தோடு வரும் கிருமி தொற்றும் நிலைக்கு வர 1 முதல் 5 நாள் ஆகும். மணல் தட்டைத் தினமும் கையுறை போட்டுச் சுத்தம் செய்யுங்கள். அரைவேக்காட்டு ஆட்டிறைச்சியும் கழுவாத கீரையும்கூட இதற்கு வழிதான்.

கே: வெறும் வயிற்றில் போக வேண்டுமா?

ப: தேவையில்லை. சாப்பிட்டு, தண்ணீர் குடித்துவிட்டுப் போங்கள்.

கே: காட்டுக்குள் முகாம் போய் வந்தபின் காய்ச்சல். டெங்கி இல்லை, மலேரியா ரத்தப் பூச்சும் (ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் பூசி நுண்ணோக்கியில் பார்ப்பது) நெகட்டிவ். நிம்மதியாக இருக்கலாமா? (மாணவர், பாயான் லெப்பாஸ்)

ப: ஒரே பூச்சை நம்பாதீர்கள். மலேசியக் காடுகளில் குரங்கிடமிருந்து கொசு வழியாக வரும் நோலெசி மலேரியா இருக்கிறது. அந்தக் கிருமி 24 மணி நேரத்துக்கு ஒருமுறை பெருகுவதால் சில நாட்களிலேயே நோய் முற்றலாம். 12 முதல் 24 மணி நேர இடைவெளியில் மூன்று பூச்சுகள் பார்க்க வேண்டும். ஊதா மூடிக் குழாயில் எடுத்த ரத்தத்தை ஒரு மணி நேரத்துக்குள் கண்ணாடித் தகட்டில் பூசிவிடுவது நல்லது. தாமதித்தால் கிருமியின் உருவமே மாறிவிடும். விரைவுக் கிட் நோலெசியைத் தவறவிடுவது உண்டு. நுண்ணோக்கியில் இது ‘மலேரியே’ (P. malariae) என்ற சாதுவான மலேரியா வகை போலவே தெரியும். கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் பரிசோதனைதான் பிரித்துக் காட்டும். தட்டணுக்கள் இதிலும் குறையும், டெங்கி என்று நினைத்துவிடுவார்கள். எந்தக் காடு, எந்தத் தேதி என்பதை நீங்களே முந்திக்கொண்டு சொல்லுங்கள்.

கே: இயோசினோபில் (ஒரு வகை வெள்ளையணு) 1,200 என்று வந்திருக்கிறது. குடற்புழுவா?

ப: இருக்கலாம். ஆனால் ஆஸ்துமா, ஒவ்வாமை, சில மருந்துகளாலும் அது வழக்கமான வரம்பான 500-ஐத் தாண்டும். வெவ்வேறு நாட்களில் மூன்று மல மாதிரி கொடுங்கள். தோட்டப்புறத்தில் வெறுங்காலோடு வளர்ந்தவர் என்றால் ஸ்ட்ராங்கிலாய்டிஸ் என்ற குடற்புழுவுக்கான ரத்தப் பரிசோதனையும் சேர்த்துக் கேளுங்கள். அது உடலுக்குள்ளேயே பெருகிப் பல பத்தாண்டுகள் சத்தமில்லாமல் இருக்கும், மலத்திலும் எளிதில் அகப்படாது. ஸ்டீராய்டு தொடங்கினால் உயிருக்கே ஆபத்தாகலாம், ஆகவே அதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.